பாட்டுச் செய்த பெரியசாமித் தூரன்

பாடல் ஒன்றைக் கேட்டு உருகுவோர் அதனைப் பாடியவரைப் போற்றுவர். அதனை ஆக்கியவரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சாவேரி இராகத்தில் ‘முருகா முருகா என்றால்’ எனத் தொடங்கும் கீர்த்தனை சபா மேடையிலும் கோயில் விழாவிலும் நாகசுர வாசிப்பிலும் வீட்டுப் பூசையறையிலும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒலித்து வருகின்றது. இசை பயிலும் சிறுவர் அதனைப் பாடம் செய்கின்றனர். இசையறியா எளியோரும் அதன் முதலடியைத் தமக்குள் பாடிக்கொள்கின்றனர். ஆனால் அப்பாடலை இயற்றியவர் ஈரோட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில் வேளாண் குடியில் பிறந்தவர் என்பதையும், கோவைக்கு அருகில் பள்ளி ஆசிரியராகப் பல்லாண்டு பணி புரிந்தவர் என்பதையும், தமிழின் முதற் கலைக்களஞ்சியத்தை முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கியவர் என்பதையும் அறிந்து பாடுவோர் தொகை மிகக் குறைவு.

பெரியசாமித் தூரனைத் தமிழுலகம் இருவேறு மனிதராகவே நினைவில் வைத்துள்ளது. நூலகம் அறிந்த தூரன் ஒருவர். இசையரங்கு அறிந்த தூரன் மற்றொருவர். களஞ்சியத்தைப் புரட்டுவோர் அவருடைய கீர்த்தனைகளை ஓய்வு நேரப் பொழுதுபோக்காகக் கருதிவிடுகின்றனர். கீர்த்தனைகளைப் பாடுவோரோ களஞ்சியத்தைத் திறந்து பார்ப்பதில்லை. சொல்லை எடை போட்டு இடுதல், மிகையை நீக்குதல், செய்தவர் தம்மைப் பின்னிறுத்திச் செய்த பொருளை முன்னிறுத்துதல் ஆகிய ஒரே பயிற்சியினின்று தோன்றிய இரு விளைவுகளே இவை என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

கொங்கு நாட்டின் இசைப் பின்புலம்

இசை என்றவுடன் காவிரியின் கடைமடையாகிய தஞ்சையை எண்ணுவது வழக்கமாகிவிட்டது. கொங்கு நாடு உழவுக்கும் நெசவுக்கும் வணிகத்துக்கும் பெயர் பெற்றதே அன்றி இசைக்குப் பெயர் பெற்றதன்று என்னும் எண்ணமும் பரவியுள்ளது. இவ்வெண்ணம் வரலாற்றுக்கு முழுதும் பொருந்துவதன்று.

தமிழிசையின் இலக்கணத்தை இன்று நாம் ஓரளவேனும் அறிந்துகொள்ள முடிகின்றது என்றால், அதற்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரை தலையாய காரணமாகும். அவர் கொங்கு நாட்டு நிரம்பை என்னும் ஊரினர். பொப்பண்ண காங்கேயன் என்னும் கொங்குத் தலைவனின் ஆதரவில் உரை கண்டவர். அவர் தம் உரையில் எடுத்தாண்ட பழைய இசை நூல்களுள் ஒன்றாகிய பஞ்சமரபு நெடுங்காலம் பெயரளவிலேயே அறியப்பட்டிருந்தது. அதன் சுவடியைக் கண்டெடுத்து 1970களில் பதிப்பித்தவர் வேலம்பாளையம் தெய்வசிகாமணிக் கவுண்டர். அப்பணிக்குத் துணை நின்றவர் பொள்ளாச்சி நா. மகாலிங்கம். இசையிலக்கணத்தைக் காத்த உரையாசிரியரும், அவர் சுட்டிய நூலை மீட்ட பதிப்பாசிரியரும் கொங்கு மண்ணினரே என்பது கருதத்தக்கது.

ஏட்டிசை ஒருபுறமிருக்க, நாட்டிசையும் இங்கு வளமாக வாழ்ந்தது. உடுக்கை ஒலியோடு இரவெல்லாம் பாடப்பெறும் அண்ணன்மார் கதை, கோயில் முற்றங்களில் பெண்டிர் வட்டமிட்டுப் பாடும் கும்மி, தைப்பூசத்துக்குப் பழநி செல்லும் காவடிக் கூட்டத்தார் நடைக்கு இசையப் பாடும் சிந்து என்பன வேளாண் குடிச் சிறுவர் ஒருவரின் செவியில் இளமையிலேயே விழக்கூடியவை.

1908ஆம் ஆண்டு இவ்வகையில் நினைக்கத்தக்கது. காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் கே.பி. சுந்தராம்பாள் பிறந்தது அவ்வாண்டில். மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டு வலசில் பெரியசாமி பிறந்ததும் அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் நாள். இரண்டு ஊர்களும் இன்றைய ஈரோடு மாவட்டத்தில் அமைந்தவை. ஒருவர் ஒலிபெருக்கி வேண்டாத குரலால் நாடக மேடையையும் திரையையும் ஆண்டவர். மற்றவர் மேடையேறிக் கச்சேரி செய்யாதவர். தம் பாட்டைப் பிறர் குரலில் கேட்டு அமைந்தவர். இருவரும் பாடுபொருளாக விரும்பியது முருகனையே. முழங்கிய குரலை நாடு நன்கு நினைவில் வைத்துக்கொண்டது. மெல்லிய குரலுக்கு அந்த நற்பேறு முழுமையாக வாய்க்கவில்லை.

மஞ்சக்காட்டு வலசு முதல் பெரியநாயக்கன்பாளையம் வரை

தூரன் என்பது அவர் பிறந்த கூட்டத்தின் பெயர். கொங்கு வேளாளருள் வழங்கும் குலப் பெயர்களுள் ஒன்றாகிய அதனையே அவர் புனைபெயராகக் கொண்டார். மொடக்குறிச்சியிலும் ஈரோட்டிலும் பள்ளிக் கல்வி பெற்றபின் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து கணிதம், இயற்பியல், வானியல் ஆகியவற்றைப் பயின்றார். பிற்காலத்தில் அறிவியற் செய்திகளைத் தமிழில் பிழையற எழுதுவித்தவர் இலக்கியம் மட்டும் கற்றவரல்லர் என்பதை இங்கு மனங்கொள்ளுதல் வேண்டும்.

கல்லூரி நாள்களில் நண்பர்களுடன் சேர்ந்து வனமலர்ச் சங்கம் என்னும் அமைப்பைக் கண்டு, பித்தன் என்னும் இதழை நடத்தினார். பின்னாளில் நடுவண் அமைச்சராக விளங்கிய சி. சுப்பிரமணியம் அக்குழுவினருள் ஒருவர். 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது மனம் நொந்த தூரன் இளங்கலை இறுதித் தேர்வை எழுதாது விடுத்தார். ஆரவாரமின்றி ஒரு முடிவெடுத்து அதன் இழப்பைத் தாமே ஏற்கும் இயல்பு அவரிடம் இளமையிலேயே இருந்ததற்கு இந்நிகழ்ச்சி சான்று.

தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்தியாலயம் பின்னர்க் கோவைக்கு வடக்கேயுள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைபெற்றது. காந்தியடிகளின் கல்விக் கொள்கையும் இராமகிருஷ்ணரின் சமய நோக்கும் இணைந்த அவ்வுறைவிடப் பள்ளியில் தூரன் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் 1948 வரை பணியாற்றினார். காலை மாலை வழிபாடும் கூட்டுப் பாடலும் அத்தகைய பள்ளிகளின் அன்றாட ஒழுங்காகும். சிறுவர் பலர் ஒருங்கே பாடுவதற்கு உரிய பாட்டில் நாவில் இடறும் சொல் கூடாது. மூச்சு முட்டும் நீண்ட அடி கூடாது. ஒருமுறை கேட்டதும் பொருள் விளங்காத தொடர் கூடாது. மேடைப் பாடகர் தம் குரல் திறத்தால் மறைத்துவிடும் குறையைக் குழந்தையின் வாய் உடனே வெளிப்படுத்திவிடும். தூரனின் கீர்த்தனைகளில் காணும் தெளிவுக்கு வகுப்பறையே முதற் பட்டறையாக இருந்திருத்தல் கூடும்.

இக்காலத்தோடு தொடர்புடைய மற்றொரு செயலும் உண்டு. கொங்கு வட்டாரத்தில் வழங்கிய நாட்டுப் பாடல்களை அவர் தொகுத்தார். ‘காற்றில் வந்த கவிதை’ என்னும் நூல் அதன் பயன். எழுதப்படாத பாட்டு எவ்வாறு தலைமுறைகளைக் கடந்து வாழ்கின்றது என்பதை அவர் கேட்டறிந்தார். பாடுவோர் நாவில் உராய்ந்து உராய்ந்து வேண்டாத சொல் உதிர்ந்துவிட, வேண்டிய சொல் மட்டும் எஞ்சுவதே நாட்டுப் பாடலின் இலக்கணம். பல தலைமுறைகள் சேர்ந்து செய்யும் அவ்வேலையைத் தனியொருவர் தம் மேசையில் செய்ய முற்பட்டால் எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை எளிதில் உணரலாம்.

பாட்டுச் செய்தல் என்னும் கருத்து

சொல்லையும் இசையையும் ஒருங்கே படைப்பவரை வடமொழி இசை நூலார் வாக்கேயக்காரர் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத இரத்தினாகரம், சொற்பகுதியை மாது என்றும் இசைப்பகுதியைத் தாது என்றும் வகுத்து, இரண்டிலும் வல்லவரையே தலைசிறந்தவராகக் கொள்கின்றது. தமிழ் மரபில் இக்கருத்து இன்னும் எளிமையாக உள்ளது. செய்யப்படுவது ஆதலின் பாட்டுக்குச் செய்யுள் என்று பெயர். தச்சர் மரத்தையும் நெசவாளர் நூலையும் கொண்டு செய்வது போலப் புலவர் சொல்லைக் கொண்டு செய்கின்றார்.

இக்கருத்து நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானிய நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லீட் எனப்படும் தனிப்பாட்டு வளர்ந்தது. ஒரு குரலும் ஒரு பியானோவும் போதும். பெரிய இசைக்குழு வேண்டா. 1797 முதல் 1828 வரை 31 ஆண்டுகளே வாழ்ந்த சூபெர்ட் 600க்கும் மேற்பட்ட தனிப்பாட்டுகளுக்கு இசையமைத்தார். ஆயினும் பெரும்பாலானவற்றில் சொல் பிறருடையது, இசையே அவருடையது. தாமே எழுதித் தாமே மெட்டமைத்துக் கிதார் ஒன்றை மட்டும் துணைக்கொண்டு பாடும் கலைஞர்களுக்கு 1960களில் அந்நாட்டில் லீடர்மாகர் என்னும் பெயர் வழங்கலாயிற்று. வுல்ஃப் பியர்மன் என்னும் பாடகர் அதனைப் படைத்து வழங்கினார் என்பர். பாட்டுச் செய்பவர் என்பது அச்சொல்லின் நேர்ப் பொருள். கவிஞர், இசைமேதை முதலிய பெருமிதப் பெயர்களை விடுத்துத் தொழிலாளியின் பெயரை அக்கலைஞர்கள் விரும்பி ஏற்றனர். நம் செய்யுள் என்னும் சொல்லிலும் அதே தொழிற்பண்பு உறைந்திருப்பதை நோக்கத் தூரனையும் பாட்டுச் செய்தவர் என்று அழைப்பதே பொருந்தும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கூறாது விடுதல் முறையன்று. தூரன் கச்சேரிப் பாடகர் அல்லர். அவருடைய பாடல்கள் மெட்டும் சுரக்குறிப்பும் பெற்று வெளிவருவதற்கு இசைவாணர் துணையும் இருந்தது. இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. பாட்டு எந்த இராகத்தில் நடக்கும், எந்தத் தாளத்தில் அமரும், எவ்விடத்தில் நீளும் என்பதை உள்ளத்தில் கேட்டவாறே சொல்லைத் தேர்ந்தார் என்பதற்கு அப்பாடல்களின் யாப்பே சான்று பகர்கின்றது. மெட்டுக்குச் சொல்லை அடைத்தாலும், சொல்லுக்கு மெட்டை ஒட்டினாலும் அத்தகைய இயைபு தோன்றாது.

சொல்லும் இசையும் இயைந்த முறை

முதலில் கூறிய சாவேரிக் கீர்த்தனையையே எடுத்துக்கொள்வோம். சாவேரி ஏறும்போது காந்தாரத்தையும் நிடாதத்தையும் விடுத்து, இறங்கும்போது ஏழு சுரங்களையும் தொடுவது. ஏறுகையில் இடைவெளி விட்டுத் தயங்கி, இறங்குகையில் முழுமையாக இழையும் இந்நடை இறைஞ்சுதலுக்கு உரியது என்பது இசைவாணர் கொள்கை. தூரன் இதற்குத் தேர்ந்த தொடக்கச் சொல் முருகன் என்னும் பெயரின் விளி வடிவம். பெயரின் ஈற்றில் நிற்கும் மெய் நீங்கி, அகரம் ஆகாரமாக நீள்வதே தமிழில் விளியின் இலக்கணம். தொலைவில் நிற்பவரை அழைக்கும் மனிதக் குரலின் இயல்பிலிருந்து பிறந்த இலக்கணம் அது. அந்த நெடிலே பாடகர் நின்று இழைத்தற்குரிய இடமாகவும் அமைந்துவிடுகின்றது. வீட்டு வாசலில் நின்று ஒருவரைக் கூப்பிடுவது போன்ற சொல், இராக விரிவுக்கு உரிய களமாகவும் ஆகின்றது.

அடுத்து எதுகை. முருகா என்பதற்கு இணையாக உருகுதலைக் குறிக்கும் சொல்லும், அடுத்த உறுப்பில் வருதலைக் குறிக்கும் சொல்லும் நிற்கின்றன. மூன்றிலும் இரண்டாம் எழுத்து ஒன்றே. ஓசை ஒன்றுவதோடு கருத்தும் ஒன்றுகின்றது. பெயரைச் சொல்லுதல், உள்ளம் உருகுதல், வந்தருளுதல் என்னும் பத்தி நெறியின் மூன்று படிகளையும் எதுகையே கோத்துவிடுகின்றது. எதுகைக்காக வலிந்து கொணர்ந்த சொல் ஒன்றும் இல்லை. அகராதி வேண்டாத சொற்கள் இவை. ஆயின் இவற்றினும் பொருத்தமான வேறு மூன்றை இட்டுப் பார்க்க முயல்வோர்க்கு இதன் அருமை விளங்கும்.

சாரங்க இராகத்தில் அமைந்த ‘கணநாதனே குணபோதனே’ வேறு வகையானது. இரு விளிகளும் ஐந்தைந்து எழுத்துகளைக் கொண்டவை. குறில், குறில், நெடில், குறில், நெடில் என்னும் அளவு இரண்டிலும் மாறாது வருகின்றது. இரண்டாம் எழுத்தில் எதுகையும் ஈற்றில் இயைபும் அமைந்துள்ளன. முதற் சொல்லுக்கு அமைந்த இசை, இரண்டாம் சொல்லுக்கும் ஒரு மாத்திரையும் பிசகாது பொருந்தும். இவ்விரு சொற்களும் வடமொழி வழி வந்தவை. தூரன் தமிழிசைக்கு உழைத்தவரே எனினும், பிறமொழிச் சொல்லைக் கண்டவுடன் விலக்கும் கொள்கையினர் அல்லர். ஓசையும் பொருளும் பொருந்தும் சொல்லை அதன் பிறப்பிடம் கேளாது ஏற்றார்.

‘தாயே திரிபுரசுந்தரி’ ஐந்து சுரங்களே உடைய சுத்த சாவேரியில், ஐந்து எண்ணிக்கையுடைய கண்டசாபு தாளத்தில் அமைந்து பாடப்பெறுகின்றது. குறைந்த சுரங்களையும் குறுகிய தாளத்தையும் கொண்டு நிறைவைத் தோற்றுவித்தல் எளிதன்று. பெஃகாக் இராகத்தில் வரும் ‘தொட்டுத் தொட்டுப் பேச வரான்’ என்பதிலோ பேச்சு வழக்குச் சொல்லே முதலடியில் துணிந்து இடம்பெறுகின்றது. வருகிறான் என்று எழுத்து வழக்கில் எழுதியிருந்தால் அதில் ஒலிக்கும் பெண்ணின் செல்லக் கோபம் மறைந்திருக்கும். ஆயிரக்கணக்கான பக்கங்களில் வழுவற்ற உரைநடையைக் காத்த பதிப்பாசிரியர், பாட்டில் மட்டும் வரான் என்று எழுத ஒப்பினார். இடம் நோக்கிச் சொல்லிடும் பதிப்பாசிரியரின் பழக்கமே அத்துணிவைத் தந்தது எனலாம்.

கீரவாணியில் ‘புண்ணியம் ஒரு கோடி’, மாண்டில் ‘முரளீதர கோபாலா’, காபியில் ‘பழநி நின்ற’, பிருந்தாவனியில் ‘கலியுக வரதன்’ என இராகத்துக்கு ஏற்பப் பாடலின் நடையும் மாறிவருகின்றது. காவடிச் சிந்து மெட்டில் அமைந்த ‘அழகு தெய்வமாக வந்து’ என்பதில் கொங்கு நாட்டுச் சாலைகளில் பழநி நோக்கிச் செல்லும் நடைக்கூட்டத்தின் அடிவைப்பு கேட்கின்றது. கழுகுமலை முருகன் மீது அண்ணாமலை ரெட்டியார் பாடிப் புகழ்பெறச் செய்த சிந்து வடிவம், காவடி எடுக்கும் நாட்டில் பிறந்த இக்கவிஞர் கையில் மீண்டும் நடைப்பயணத்துக்கே உரியதாயிற்று. இங்ஙனம் அவர் இயற்றிய இசைப்பாடல்கள் 600 அளவினவென்று கணக்கிடுவர். இசைமணி மஞ்சரி, முருகன் அருள்மணி மாலை, கீர்த்தனை அமுதம், நவமணி இசைமாலை முதலிய தொகுப்புகளில் அவை இடம்பெற்றன.

களஞ்சியம் தொகுத்த கை

1946இல் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரான அவிநாசிலிங்கம் செட்டியார் அவ்வாண்டே தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். நாடு விடுதலை பெற்ற நாள்களில் அக்கழகம் மேற்கொண்ட பெரும்பணி கலைக்களஞ்சியமாகும். 1948இல் தூரன் பெரியநாயக்கன்பாளையத்தை விட்டுச் சென்னைக்குச் சென்று அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். முதல் தொகுதி 1954இலும், ஒன்பதாம் தொகுதி 1963இலும், இணைப்பாகிய பத்தாம் தொகுதி 1968இலும் வெளிவந்தன. பத்துத் தொகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 7500 பக்கங்கள். அதனோடு அமையாது 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாக நிறைவேற்றினார்.

களஞ்சியப் பதிப்பாசிரியரின் வேலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறிஞர் பலர் பல நடையில் அனுப்பும் கட்டுரைகளை ஒரே நடைக்குக் கொணர்தல் வேண்டும். பத்துப் பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்க வேண்டும். சுருக்கியதில் உண்மை குறைதல் கூடாது. தமிழில் அதுவரை பெயர் பெறாத பொருளுக்குப் பெயர் காண வேண்டும். அப்பெயர் பள்ளி மாணவர்க்கும் விளங்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்தபின் தொகுத்தவரின் கைத்தடம் எங்கும் தெரியாதிருக்க வேண்டும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் சிறிய எல்லைக்குள் ஓர் உணர்வை முழுமையாக அடக்கும் கீர்த்தனையும் இதே ஒழுக்கத்தை வேண்டுவதாகும். பகலில் களஞ்சியம், இரவில் கீர்த்தனை என்று பிரித்துக் காண்பதைவிட, இரண்டும் ஒரே கையின் வேலை என்று காண்பதே உண்மைக்கு நெருக்கமானது.

அதே கை பாரதிக்கும் ஒரு தொண்டு செய்தது. பாரதியின் எழுத்துகள் பல சுதேசமித்திரன் இதழ்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, வெளிவந்த நாளோடு தொகுத்து, 1953இல் ‘பாரதி தமிழ்’ என்னும் நூலாக வெளியிட்டார் தூரன். எழுத்தை மட்டும் தருதல் போதாது; அஃது எப்போது பிறந்தது என்பதையும் தருதல் வேண்டும் என்னும் நெறியை அவர் அந்நூலில் கடைப்பிடித்தார். பாரதி ஆய்வு காலவரிசையில் நடைபெறுவதற்கு அத்தொகுப்பு ஒரு முன்னோடியாயிற்று.

மேடையில் கிடைத்த இடம்

தூரனின் கீர்த்தனைகள் வெளிவந்த காலம் தமிழிசை இயக்கம் கிளர்ந்தெழுந்த காலத்தை அடுத்தது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது; 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அரசர் அண்ணாமலைச் செட்டியாரோடு அவ்வியக்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் ஒருவர். கச்சேரியின் நடுப்பகுதியில் விரிவாகப் பாடுவதற்கு ஏற்ற உருப்படிகள் தமிழில் போதிய அளவு இல்லை என்பது அன்று எழுந்த தடைகளுள் ஒன்று. இதற்கு மேடைப் பேச்சால் விடை கூறியோர் பலர். பாட்டால் விடை கூறியோர் சிலர். எழுபத்திரண்டு மேளங்களிலும் தமிழ்க் கீர்த்தனை இயற்றிய கோடீசுவர ஐயர் முன்னரே வழி காட்டியிருந்தார். பாபநாசம் சிவன் பலநூறு பாடல்களால் அவ்வழியை அகலப்படுத்தினார். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் தூரன்.

அரசும் சான்றோரும் அவரை மறந்தனர் என்று கூற முடியாது. 1968இல் பத்மபூசண் விருதும், 1972இல் தமிழிசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் பட்டமும் அவருக்கு வழங்கப்பெற்றன. 1987 சனவரி 20இல் அவர் மறைந்தார். 2022 முதல் அவர் பெயரால் ஈரோட்டில் ஆய்வாளர்களுக்கு விருதும் வழங்கப்பெறுகின்றது. கலைக்களஞ்சியம் உருவான வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி 2018இல் தனி நூலாகவே எழுதியுள்ளார்.

ஆயினும் பாடல்களின் நிலை வேறு. அவற்றுள் பல கச்சேரியின் இறுதியில் துக்கடாவாகவே இடம்பெறுகின்றன. பெஃகாக், மாண்டு, சிந்து ஆகியவை அவ்விடத்துக்கு உரியன என்பது உண்மையே. ஆனால் சாவேரியும் கீரவாணியும் நடுப்பகுதியில் விரித்துப் பாடத்தக்கவை. எளிய சொல்லால் ஆனது எளிய உருப்படி என்னும் தவறான கணிப்பு இதற்கு ஒரு காரணம். பாட்டில் ஆசிரியர் பெயர் இன்மை மற்றொரு காரணம். தியாகராசர் தம் பெயரையும், முத்துசாமி தீட்சிதர் குருகுக என்பதையும், பாபநாசம் சிவன் இராமதாசன் என்பதையும் முத்திரையாகப் பதித்தனர். ‘முருகா முருகா என்றால்’ பாடலில் அத்தகைய முத்திரை ஏதும் இல்லை. முத்திரையுள்ள பாட்டு தன் ஆசிரியரை ஒவ்வொரு மேடையிலும் தானே அறிவித்துக்கொள்கின்றது. முத்திரையில்லாப் பாட்டு அறிவிப்பவரின் நேர்மையையே நம்பியிருக்கின்றது. அறிவிப்பார் இல்லாதபோது அது பழம்பாடல் ஆகின்றது, பிறர் பாடல் ஆகின்றது, நாளடைவில் சொற்களும் திரிகின்றன. மேற்காட்டிய எதுகை முடிச்சில் ஓர் எழுத்து மாறினாலும் பாட்டின் தளை நெகிழும்.

தூரன் நாட்டுப் பாடலைத் தொகுத்தவர். தம் பாட்டும் ஆசிரியர் பெயரின்றி மக்கள் நாவில் கலந்துவிடுவதை அவர் வெறுத்திருக்கமாட்டார் என வாதிடுவோரும் இருக்கலாம். அவ்வாதத்தில் அழகு உண்டு, நீதி இல்லை. நாட்டுப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை; தூரனின் பாடலுக்கோ கிடைத்திருந்தும் நாம் சொல்லுவதில்லை. தம் பெயரைப் பதியாதிருத்தல் ஆக்கியோரின் பணிவு. அப்பெயரைச் சொல்லாது விடுதல் கேட்போரின் கடன் தவறுதல். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் ஆகாது.

நிறைவு

பாரதியின் ஒவ்வோர் எழுத்துக்கும் அது பிறந்த நாளைத் தேடித் தந்தவர் தூரன். அத்தொண்டு அவருடைய பாடல்களுக்கும் செய்யப்பெறுதல் வேண்டும். எந்தக் கீர்த்தனை எந்தத் தொகுப்பில் முதன்முதல் அச்சேறியது, யார் அதற்குச் சுரக்குறிப்பு எழுதினர், எவ்வெவ் விடங்களில் பாடம் வேறுபடுகின்றது, பெரியநாயக்கன்பாளையத்துக் காலத்தில் பிறந்தவை எவை, சென்னைக் காலத்தில் பிறந்தவை எவை என்பன ஆராயப்பட்டு, சுரக்குறிப்போடு கூடிய செம்பதிப்பாக ஒருங்கே வருதல் வேண்டும். கொங்கு நாட்டுக் கல்லூரிகளின் தமிழ்த் துறையும் இசை பயிற்றும் நிறுவனங்களும் கை கோத்தால் இஃது அரிதன்று. பஞ்சமரபின் சுவடியைக் காத்து அச்சேற்றிய நாடு, தன் மகன் ஒருவரின் அச்சேறிய பாடல்களைத் திரட்டுதற்குத் தயங்க வேண்டியதில்லை.

அதற்கு முன்னரே செய்யக்கூடிய ஒன்றும் உள்ளது. அதற்குப் பொருட்செலவில்லை, குழு அமைக்க வேண்டியதில்லை. அடுத்த முறை கோவையிலோ ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஒரு மேடையில் அந்தச் சாவேரி தொடங்கும்போது, பாடுபவரோ அறிவிப்பவரோ இயற்றியவரின் பெயரை ஒருமுறை சொன்னால் போதும். மஞ்சக்காட்டு வலசு அங்கிருந்து தொலைவில் இல்லை.